அரசு லேப்டாப்பும் பணியாரக் கல்லும்: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டிய கதை

தீபாவளிக்கு விழுப்புரம் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இலையில் இட்லியை வைத்த கையோடு அக்கா ஆரம்பித்தாள். "தம்பி, பாப்பாவோட லேப்டாப்பக் கொஞ்சம் என்னன்னு பாருடா. அவ ஆன் பண்ணி வெச்சப்போ நான் உலை வெச்சேன். சோறு வடிச்சுட்டு வந்து பாக்கறேன், இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."

பாப்பாவுக்கு இருபத்தைந்து வயது. குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். லேப்டாப் 2018-இல் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. மூடியில் கோபுர முத்திரை இன்னும் பளிச்சென்று இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் எத்தனையோ வீடுகளில் இன்று பரண்மேல் கிடக்கின்றன. அக்கா வீட்டில் மட்டும் அது சாமி படத்துக்குப் பக்கத்தில், துண்டு போர்த்தி இருக்கும். அவர்கள் வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான்.

போனில் ஸ்டாப் வாட்சை ஓட விட்டுப் பார்த்தேன். பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வர 3 நிமிடம் 50 வினாடி. பிரவுசர் திறந்து ஒரு பக்கம் முழுதாக வர இன்னும் 2 நிமிடம். நடுநடுவே மவுஸ் அம்பு உறைந்து நின்றது. அப்படி நிற்கும் நேரத்தில் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசர் 8 சதவீதம், ரேம் 70 சதவீதம், டிஸ்க் மட்டும் 100. டிஸ்க் 100-இல் நிற்கும்போது அது படிக்கும் வேகத்தைப் பார்த்தேன்: வினாடிக்கு 0.3 எம்பி.

இதற்கு முன்பு இரண்டு வருடத்தில் மூன்று முறை ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் இருக்கும் சி டிரைவை ஃபார்மட் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் 500 ரூபாய், ஒவ்வொரு முறையும் "வைரஸ்மா" என்ற அதே பதில். ஃபார்மட் செய்ததும் ஒரு மாதம் சுமாராக ஓடுமாம். பிறகு பழைய கதைதான்.

மெதுவாக ஓடும் லேப்டாப் என்றால் எனக்கும் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: சுழலும் டிஸ்க்கைக் கழற்று, சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் போடு. கணக்கு சுலபம். இந்த லேப்டாப்பில் இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் 500 ஜிபி டிஸ்க். ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. தேடும் இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி வினாடி. ஊசி தாங்கிய கை சரியான வட்டத்துக்கு நகர இன்னொரு 12 மில்லி வினாடி போல. ஆக, வெவ்வேறு இடத்தில் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை எடுப்பதென்றால் வினாடிக்கு அறுபது தடவைக்குமேல் அதனால் ஓட முடியாது. விண்டோஸ் எழுந்து உட்கார ஆயிரக்கணக்கான தடவை அப்படி ஓட வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் ஒன்றுமில்லை. ஒரு தடவைக்கு 0.1 மில்லி வினாடி போதும்.

ஆனால் 0.3 எம்பி உறுத்தியது. சின்னக் கோப்புகளைத் தேடி ஓடும்போது நல்ல டிஸ்க்கும் அவ்வளவுக்கு இறங்கலாம், ஆனால் மவுஸ் அம்பே உறைந்து நிற்பது சரியாகப் படவில்லை. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை நிறுவிப் பார்த்தேன். எச்சரிக்கை சொல்லும் மஞ்சள் கட்டம். சி5 வரிசையில் 18 என்று இருந்தது. பதினெட்டுதானே என்று நினைத்துவிட்டு, அது பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் பதினாறடிமான எண் என்பது உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த மென்பொருள் இந்த எண்களை இயல்பாக அப்படித்தான் காட்டும். பதினாறடிமானத்தில் 18 என்றால் நம் கணக்கில் 24. டிஸ்க்கில் 24 இடங்கள் படிக்க வராமல், "இதை என்ன செய்வது" என்று தீர்ப்புக்குக் காத்திருக்கின்றன. ஏற்கெனவே கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்டவை 05 வரிசையில் தனியாக இருந்தன, அவையும் நூறுக்கு மேல்.

மூன்று ஃபார்மட்டும் ஏன் பலிக்கவில்லை என்பது இங்கேதான் புரிந்தது. வீட்டில் புழங்கும் டிஸ்க் ஒரு இடத்தைப் படிக்க முடியாவிட்டால் உடனே கைவிரிக்காது. திரும்பத் திரும்பச் சுற்றிவந்து முயலும். அந்த சில வினாடிகளுக்கு மற்ற எல்லா வேலையும் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். மவுஸ் அம்பு உறைந்தது அதனால்தான். கடையில் செய்யும் குவிக் ஃபார்மட் கோப்புகளின் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும். கெட்ட இடம் அதே இடத்தில், அதே கெட்டபடி கிடக்கும். வைரஸ் என்று மூன்று தடவை சொன்னவர் ஒரு தடவையாவது அந்த மஞ்சள் கட்டத்தைப் பார்த்திருக்கலாம்.

"பாப்பா, இதுல முக்கியமா என்னென்ன இருக்கு?"

"நோட்ஸ் இருக்கு மாமா. அப்புறம் ஸ்கூல் போட்டோ, ஃபேர்வெல் வீடியோ, தாத்தா இருந்தப்போ எடுத்ததெல்லாம் இதுலதான்."

"வேற எங்கயாவது காப்பி?"

உதட்டைப் பிதுக்கினாள். அத்தோடு லேப்டாப்பை அணைத்து, நான் திரும்பி வரும்வரை ஆன் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினேன். வேகத்துக்காக எட்டிப்பார்த்த வேலை அந்த நிமிடத்தில் வேறு வேலையாகிவிட்டது. எஸ்எஸ்டி மாட்டுவது இருபது நிமிடம். அதற்கு முன்னால் ஏழு வருடத்தை வெளியே எடுக்க வேண்டும்.

சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குத்தான் போனேன். ஆன்லைனில் பத்து இருபது ரூபாய் குறையலாம். ஆனால் அண்ணா சாலையிலிருந்து அந்தச் சந்துக்குள் நுழைந்து, வழியில் ஒரு டீ குடித்து, நான்கு கடை ஏறி இறங்குவதில் எனக்கு ஒரு ருசி. முதல் கடைக்காரர் போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை என்விஎம்இ எஸ்எஸ்டியை எடுத்து நீட்டினார். "இதான் சார் இப்ப ஸ்பீடு." உண்மைதான், பழைய டிஸ்க்குகளின் இணைப்பிலேயே ஓடும் சாட்டா வகையைப் போல ஐந்தாறு மடங்கு வேகத்தில் படிப்பவை அதில் சாதாரணம். ஆனால் இந்த லேப்டாப்பில் அதைச் செருகும் இடமே இல்லை. பழைய டிஸ்க் உட்கார்ந்த இடத்தில் உட்காரும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் வேண்டும். சாட்டா 3 என்றால் கம்பியின் உச்சவரம்பு வினாடிக்கு 600 எம்பி, கையில் கிடைப்பது 500 முதல் 550. என்விஎம்இக்கும் சாட்டாவுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரிய வீடியோவை நகலெடுக்கும்போது தெரியும். பிடிஎஃப் திறந்து படிக்கும் பெண்ணுக்குத் தெரியாது.

240 ஜிபி போதும் என்று முடிவு செய்தேன். அவள் ஏழு வருடத்தில் சேர்த்ததே 70 ஜிபி. டி-ரேம் என்ற துணை நினைவகம் இல்லாத மலிவு வகை, 1,650 ரூபாய். டி-ரேம் இல்லாததை வாங்கவே கூடாது என்று சொல்கிறவர்களைத் தெரியும். சுழலும் டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்கு அந்தச் சண்டை தேவையில்லை என்பது என் கட்சி. ஆயுள் பற்றியும் பயம் உண்டு. இந்த அளவில் வழக்கமாகத் தரும் உத்தரவாதம் 80 டெராபைட் எழுத்து. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள், பதினோரு வருடம் போல. அதற்குள் லேப்டாப்பின் கீல் போய்விடும்.

வாங்கி வந்ததும் நேராக மாட்டவில்லை. 240 என்று ஒட்டிவிட்டு உள்ளே 32 வைத்து விற்கும் போலிகள் உண்டு. என் கணினியில் யுஎஸ்பி-சாட்டா கம்பியால் இணைத்து, எஃப்3 என்ற சின்ன நிரலை ஓட விட்டேன். டிஸ்க் முழுவதையும் எழுதி நிரப்பி, பிறகு எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று படித்துப் பார்க்கும். முழுக் கொள்ளளவும் உண்மை. ஒன்றை மட்டும் கவனித்தேன்: ஆரம்பத்தில் வினாடிக்கு 400 எம்பிக்கு மேல் எழுதிக்கொண்டிருந்தது, கொஞ்ச தூரம் போனதும் 90-க்கு இறங்கிவிட்டது. பழுதில்லை. இந்த வகையில் ஒரு செல்லில் மூன்று பிட் நெருக்கி எழுத வேண்டும், அது மெதுவான வேலை. அதனால் வந்த சரக்கை முதலில் செல்லுக்கு ஒரு பிட்டாக அவசரமாக இறக்கிவைத்து, ஓய்வு கிடைக்கும்போது அடுக்கும். தொடர்ந்து கொட்டினால் இறக்கிவைக்கும் இடம் நிறைந்து உண்மை வேகம் வெளியே வரும். அன்றாட வேலையில் யாரும் ஒரே மூச்சில் 240 ஜிபி எழுதப் போவதில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, பையில் எஸ்எஸ்டி, ஒரு 1 டிபி வெளி டிஸ்க், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவ், திருப்புளி செட் எல்லாவற்றோடும் இறங்கினேன்.

பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதில் நகலெடுத்து க்ளோன் செய்வதா, புதிதாக நிறுவுவதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். நல்ல டிஸ்க்காக இருந்தால் க்ளோன் செய்வதில் தப்பில்லை. 500-லிருந்து 240-க்கு இறங்குவதால் சி டிரைவை முதலில் சுருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே அது சரிப்படாது. சுருக்குவது என்றால் சாகக் கிடக்கும் டிஸ்க்கில் கோப்புகளை இங்கேயும் அங்கேயும் நகர்த்தி எழுதுவது. நோயாளியை எழுப்பி ஓடச்சொல்வது மாதிரி. க்ளோன் மென்பொருள் பலவும் முதல் கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். தவிர, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, பிராசசர் தகுதி எதற்கும் இந்த லேப்டாப் பொருந்தவில்லை. முடிந்துபோன ஒன்றை ஏன் மெனக்கெட்டுப் பெயர்த்து நட வேண்டும்?

ஆக, திட்டம் இதுதான்: பழைய டிஸ்க்கை ஒரே ஒரு முறை, தொடக்கம் முதல் முடிவு வரை, ஒரு பெரிய பிம்பக் கோப்பாக வெளி டிஸ்க்கில் எடுத்துவிடுவது. அதன்பிறகு பழையதைத் தொடவே வேண்டாம். தேடுவது, நோண்டுவது எல்லாம் பிம்பத்தில்.

டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பியில் மாட்டிச் செய்யலாமே என்று தோன்றும். நான் கழற்றவில்லை. யுஎஸ்பி 2 துளை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர். 2.5 அங்குல டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் கணத்தில் ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். மின்சாரம் போதாமல் டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும் டிஸ்க்கை நிறையப் பார்த்திருக்கிறேன். இருக்கும் உயிரையும் அப்படிப் போக்க வேண்டாம் என்று, டிஸ்க்கை அதன் இடத்திலேயே விட்டு, பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பினேன். போன் ஹாட்ஸ்பாட்டில், கெட்ட டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற நிரலை இறக்கி ஓட விட்டேன்.

டிடிரெஸ்க்யூவின் அழகு அதன் பொறுமையில். முதல் சுற்றில் கெட்ட இடம் வந்தால் சண்டை போடாமல் தாண்டிக் குதித்து ஓடும். நல்லது எல்லாவற்றையும் முதலில் அள்ளிக்கொள்ளும். பிறகு விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரங்களைச் சுரண்டும். எதை எடுத்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். அந்த வரைபடக் கோப்பையும் வெளி டிஸ்க்கிலேயே வைக்கச் சொன்னேன். பென் டிரைவிலிருந்து எழுப்பிய லினக்ஸ் எல்லாவற்றையும் ரேமில்தான் வைத்திருக்கும், அணைந்தால் போச்சு. இன்னொன்று, வெளி டிஸ்க் எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆனதாக இருக்கக் கூடாது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுத முடியாது.

மூன்று மணி நேரத்தில் 99.9 சதவீதம் வந்துவிட்டது. அக்கா மீன்குழம்பு வைத்தாள். மீதி 0.1 சதவீதம் ராத்திரி முழுக்க இழுத்தது. இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. லேப்டாப் பேட்டரி ஐந்து நிமிடம் தாங்கிவிட்டு அணைந்தது. நான்கு மணிக்குக் கரண்ட் வந்து, மறுபடி எழுப்பி, டிடிரெஸ்க்யூவை மறுபடி இறக்கி, அதே கட்டளையைக் கொடுத்ததும், விட்ட இடத்திலிருந்து ஒன்றுமே நடக்காதது மாதிரித் தொடர்ந்தது. வரைபடக் கோப்புக்கு அந்த நேரத்தில் ஒரு கும்பிடு போட்டேன்.

காலையில் பாக்கி 15 இடங்கள். ஒவ்வொன்றும் 4,096 பைட். 500 ஜிபியில் கை நழுவியது மொத்தம் 60 கேபி.

எந்தக் கோப்பின் 60 கேபி என்பதுதான் அடுத்த கவலை. இதற்கு ஒரு வித்தை உண்டு. மீளாத இடங்களை மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். நான் "போச்சு போச்சு" என்று நிரப்பினேன். பிறகு பிம்பத்தைப் படிக்க மட்டும் அனுமதித்துத் திறந்து, எந்தக் கோப்புகளுக்குள் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடச் சொன்னேன். மூன்று கோப்புகள் சிக்கின. இரண்டு விண்டோஸ் அப்டேட் குப்பை. மூன்றாவது ஃபேர்வெல் வீடியோ. பயந்துகொண்டே ஓட்டினோம். ஆறாவது நிமிடத்தில் தலைமையாசிரியர் பேசும்போது அரை வினாடி முகம் கட்டம் கட்டமாகிப் பிறகு சரியாகிவிடுகிறது. "அவர் பேசுனது யாரு கேட்டா மாமா" என்றாள். தாத்தா படங்கள் எல்லாம் முழுதாக இருந்தன. அக்கா ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் வேலை நின்றது.

இனிதான் திருப்புளி. ஏழு குழிப் பணியாரக் கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஸ்க்ரூ பிரித்து வைக்க அதைவிடச் சரியான பாத்திரம் எனக்குத் தெரிந்து இல்லை. கீழ்த்தகட்டின் வெளி ஸ்க்ரூ ஒரு குழி, ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு ஒரு குழி, டிவிடி டிரைவைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்க்ரூ ஒரு குழி என்று போட்டுக்கொண்டே போகலாம். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. நீளமானதைக் குட்டை துளையில் முறுக்கினால் மேல்பக்கம் கை வைக்கும் இடத்தில் கொப்புளம் மாதிரிக் கிளம்பும், அல்லது உள்ளே போர்டில் குத்தும். முன்பு என் சொந்த லேப்டாப்பில் அந்தக் கொப்புளத்தை உண்டாக்கியவன் என்பதால் சொல்கிறேன்.

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தேன், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்க. வாசலில் இருக்கும் அடிபம்பை ஒரு முறை தொட்டுவிட்டு வந்தேன். உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைப் பூமிக்கு அனுப்ப அடிபம்பைவிட என்ன வேண்டும்? பட்டணத்தில் இதற்குக் கையில் பட்டை கட்டிக்கொள்வார்கள்.

டிவிடி டிரைவை முதலில் உருவிவிட வேண்டும். அதற்கு அடியில் இரண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கின்றன. அதைக் கவனிக்காமல் தகட்டை நெம்பினால் ஓரம் உடையும். பிறகு காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் செருகி மெல்ல நகர்த்தினேன். டக், டக் என்று கொக்கிகள் விடும் சத்தம் கேட்டால் பாப்பா ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கொக்கி உண்மையிலேயே உடைந்தது. அவளிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரியட்டும்.

உள்ளே ஏழு வருடத் தூசி. விசிறியில் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன், விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு.

டிஸ்க் ஒரு தகரச் சட்டத்துக்குள், நான்கு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும். போர்டிலிருந்து ஒரு தட்டையான நாடாக் கம்பி வந்து அதன் வாயில் சேரும். நாடாவைப் பிடித்து இழுக்கக் கூடாது, முனையில் உள்ள பிளாஸ்டிக்கைப் பிடித்து டிஸ்க்கின் நீளவாக்கில் நகர்த்த வேண்டும். சட்டத்தின் பக்கத்து ஸ்க்ரூ ஒன்றுக்குத் தலை தேய்ந்திருந்தது. முன்பு யாரோ பொருந்தாத திருப்புளியால் முயன்றிருக்கிறார்கள். ஒரு ரப்பர் பேண்டைத் தலைமேல் விரித்து வைத்து, அதற்குமேல் திருப்புளியை அழுத்தித் திருகியதும் பிடி கிடைத்து வந்துவிட்டது.

எஸ்எஸ்டியைக் கையில் வாங்கிப் பார்த்த அக்கா முகம் மாறியது. "என்னடா இது, தக்கை மாதிரி இருக்கு? உள்ள ஒண்ணுமே இல்லியே. உன்னை ஏமாத்திட்டானுங்களா?" தப்பான கேள்வி இல்லை. இந்தப் பெட்டிக்குள் பாதிக்குமேல் வெற்றிடம்தான். விரல் அகலத்துக்கு ஒரு போர்டு, அதில் இரண்டு மூன்று சில்லுகள். பழைய டிஸ்க் போகும் இடத்தில் அப்படியே உட்கார வேண்டும் என்பதற்காக மட்டும்தான் அந்த உருவம். பழையதில் கண்ணாடித் தட்டு, காந்தம், மோட்டார் எல்லாம் இருந்ததால் கனத்தது. கனமில்லாத ஒன்றுக்கு 1,650 ரூபாய் என்பதில் அக்காவுக்குக் கடைசிவரை சமாதானம் இல்லை.

பழைய டிஸ்க்கும் 7 மிமீ தடிமன், புதியதும் 7. அதனால் இடைவெளிக்கு எதுவும் வைக்கத் தேவைப்படவில்லை. 9.5 மிமீ டிஸ்க் இருந்த லேப்டாப்பாக இருந்தால் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆடும். சட்டத்தில் பொருத்தி, நாடாவை மாட்டி, மூடி, பணியாரக் கல்லைக் காலி செய்தாயிற்று. இருபத்தைந்து நிமிடம்.

ஆன் செய்தேன். இயங்குதளம் எழுவதற்கு முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையில் டிஸ்க் இருக்கும் வரிசையில் ஒன்றுமே இல்லை.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவின் பார்வையில் "நான்தான் சொன்னேனே" என்று எழுதியிருந்தது. மறுபடி பணியாரக் கல், மறுபடி பதினெட்டு ஸ்க்ரூ. நாடாவின் டிஸ்க் பக்க முனை சரியாக இருந்தது. போர்டு பக்க முனைதான், தூசி தட்டும்போது நான் இடித்து, அதன் பூட்டு நெம்புகோல் பாதி திறந்து நின்றது. நாடாவை நேராக உள்ளே தள்ளி நெம்புகோலை அமுக்கியதும் டிஸ்க் தெரிந்தது. அப்போதிருந்து ஒரு பழக்கம்: கீழ்த்தகட்டைச் சும்மா மேலே வைத்து, பேட்டரியை மாட்டிப் பயாசில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஸ்க்ரூவைத் தொடுவது.

பயாசில் இருக்கும்போதே இரண்டு இடத்தைப் பார்த்துக்கொண்டேன். சாட்டா முறை எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஎச்சிஐ-யில் இருந்தது, சரி. கணினி எழும் (பூட்) முறையைக் கடைக்காரர் பழைய லெகசியில் விட்டிருந்தார், புதிய யுஇஎஃப்ஐ-க்கு மாற்றினேன். இதை நிறுவுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு மாற்றினால் நிறுவியது எழாது.

நிறுவியது லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 4 ஜிபி ரேமுக்கு அது தாங்கும். 2029 வரை அப்டேட் வரும். இந்த லேப்டாப்புகளை அரசு கொடுக்கத் தொடங்கிய காலத்தில் விண்டோஸோடு போஸ் என்ற லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள், எத்தனை கடைக்காரர்கள் முதல் ஃபார்மட்டிலேயே துடைத்து எறிந்தார்கள்! நிறுவி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பார்ட்டிஷன் எல்லைகளைச் சரியான இடத்தில் அமைப்பது, அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்கு வாரம் ஒருமுறை தெரிவிக்கும் ட்ரிம் வேலை இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பழைய கட்டுரைகளில் எஸ்எஸ்டிக்கென்று பக்கம் பக்கமாகச் சொல்லும் சடங்குகளில் இன்றைக்கு நாம் கையால் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட எதுவுமில்லை.

240 என்று போட்டதற்கு 223-தான் காட்டுகிறது என்று பாப்பா கேட்டாள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், சில மென்பொருள்கள் 1,024-ஆல் வகுக்கின்றன. படி அளக்கும் கடைக்காரரும் வீட்டு ஆழாக்கும் மாதிரி என்றேன். சரக்கு அதேதான்.

பட்டனிலிருந்து டெஸ்க்டாப்புக்கு 21 வினாடி. பிரவுசர் 3 வினாடி.

வேலை முடிந்தது என்று கை கழுவப் போனபோது உள்ளிருந்து குரல். "மாமா, நோட்ஸ் எல்லாம் என்னமோ இங்கிலீஷ்ல வருது." போய்ப் பார்த்தால், பிம்பத்திலிருந்து நகலெடுத்த வேர்டு கோப்புகளில் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளின் குப்பை. பயிற்சி மையத்தில் கொடுத்தவை சில பாமினி எழுத்துருவில், அரசாணை நகல்கள் வானவில் ஔவையார் எழுத்துருவில். தமிழ் எழுத்துகளுக்கென்று தனிக் குறியீடு தரும் யூனிகோடு புழக்கத்துக்கு வருமுன் பரவிய எழுத்துரு வகை இவை. கோப்பில் கிடப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போடும். எழுத்துரு இல்லாவிட்டால் முகமூடி கழன்றுவிடும். புதிதாக நிறுவுகிறவர்கள் கடையில் கொடுத்து "எல்லா டேட்டாவும் போயிடுச்சு" என்று அழுவதில் ஒரு பங்கு இதுவாகத்தான் இருக்கும். பிம்பத்துக்குள் விண்டோஸ் அடைவில் (ஃபோல்டரில்) ஃபான்ட்ஸ் என்ற அடைவு அப்படியே இருந்தது. அதிலிருந்து தமிழ் எழுத்துருக்களை எடுத்து, அவள் கணக்கின் எழுத்துரு அடைவில் போட்டு, லிப்ரே ஆபீஸை மூடித் திறந்ததும் நோட்ஸ் தமிழ் பேசியது. போட்டோக்களும் நோட்ஸும் மட்டும் காப்பாற்றினால் போதும் என்று நினைத்துக் கோப்புகளை மட்டும் நகலெடுத்திருந்தால் இந்த எழுத்துருக்களுக்கு ஒவ்வொன்றாக அலைந்திருப்பேன். முழுப் பிம்பமாக எடுத்தது எத்தனை நல்லது!

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையை, லினக்ஸில் மொழி மாற்றித் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் வழியாகச் சேர்த்துக் கொடுத்தேன். அவள் ஏற்கெனவே அதில்தான் அடிப்பாள்.

ரேமைத் தொடவில்லை. 4 ஜிபியை 8 ஆக்கலாம், ஆனால் முதலில் ரேம் வாங்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. ரேம் நிறையும்போது கணினி மிச்சத்தை டிஸ்க்கில்தான் கொண்டுபோய் வைக்கும். டிஸ்க் வேகமானால் ரேம் பற்றாக்குறையும் பாதி மறைந்துவிடும். பொங்கலுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். வெளி டிஸ்க் ஆக்கலாமா? கூடாது. மேலே மார்க்கரால் "பழுது, எழுதாதே" என்று எழுதி பீரோவுக்குள் வைத்துவிட்டேன். பிம்பம் என் வெளி டிஸ்க்கில் ஒன்று, போட்டோக்கள் அவள் அப்பாவின் போனுக்கு வாங்கிய மெமரி கார்டில் இன்னொன்று.

பாப்பாவோடு படித்தவர்களில் மூன்று பேர் அதே லேப்டாப்பைத்தான் இன்னும் வைத்திருக்கிறார்கள். இப்போது எல்லோருக்கும் நான் மாமா. எஸ்எஸ்டி எங்கே வாங்குவது என்று கேட்டார்கள். வாங்குவது இருக்கட்டும், முதலில் சி5 வரிசையைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். ஒன்றில் 0. இன்னொன்றில் 8. அந்த வீட்டுக்கு வரும் ஞாயிறு, வெளி டிஸ்க்கோடு போகிறேன்.